மீதி ஒன்று

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் எல்லோரும் வண்டியின் நெற்றியில் ஊர்ப்பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கணக்கு டீச்சர் மட்டும் கீழே, பம்பருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் பார்ப்பார். உதடு லேசாக அசையும். கட்டைவிரல் குடைப்பிடியில் ஏறி இறங்கும். பிறகு, "வாங்க டீச்சர்" என்று முண்டியடித்து ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடிப்பார். அப்படி இல்லையென்றால் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நாம அடுத்த வண்டியில போவோமே" என்பார். அடுத்த வண்டி எப்போது வரும் என்பது டிப்போக்காரருக்கே தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். வீடு இருவருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில். கூட்டம் பார்த்துத்தான் வண்டி மாற்றுகிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள், காலியாக வந்து நின்ற வண்டியையும் விடச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலைமையாசிரியை வாசலில் நின்று கடிகாரம் பார்க்கிற ரகம்.

"இதுல என்ன டீச்சர் குத்தம்? உக்காந்துட்டுப் போகலாமே."

அவர் என் காதருகே குனிந்து, யாருக்கோ நோய் என்று சொல்கிற குரலில், "அது பகா எண்" என்றார்.

தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். ஏழு பகா எண். பதினொன்று பகா எண். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். அதைப் பார்த்து ஒரு மனுஷி பயப்பட முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கிறிஸ்தவர். ஜாதகம், ராகு காலம், பல்லி விழுந்த பலன் எதையும் ஏற்கமாட்டார். ஆசிரியர் அறையில் யாராவது சூலம் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் முகத்துக்கு நேராகவே சிரிப்பார். "எங்க ராகு காலத்துக்கு உங்க பகா எண் எந்த விதத்துல ஒசத்தி?" என்று நான் கேட்டால், "இது நம்பிக்கை இல்ல டீச்சர், கணக்கு. வகுத்துப் பாத்துக்கிடலாம்லா?" என்பார். சர்ச்சில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களைப் பலகையில் மாட்டியதும் ஜெபத்தைக்கூட விட்டுவிட்டு அவற்றை உடைத்துக்கொண்டிருப்பாராம். அவரே சொல்லி அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உடைப்பது என்பது, காரணிகளாகப் பிரிப்பதற்கு அவர் வைத்திருந்த சொல். 5040 என்ற எண் போட்ட வண்டி ஒன்று மதுரைத் தடத்தில் ஓடியது. அதைக் கண்டால் அவருக்குப் பிறந்த வீட்டு ஆளைப் பார்த்த சந்தோஷம். "அறுபது எண்ணால வகுபடும் டீச்சர். எந்தப் பந்தியிலயும் உக்காந்து சாப்பிடுற நல்ல குணம்" என்பார். உடையாத எண்ணை மட்டும் வாயால் சொல்லவே மாட்டார். 'அது' என்பார். இல்லையென்றால் காற்றில் விரலால் எழுதிக் காட்டுவார்.

ஒருநாள் வீம்புக்கு நான் அப்படிப்பட்ட வண்டியில் ஏறிவிட்டேன். 2467. அவர் கீழேயே நின்றுவிட்டார். படியில் நின்று கேலியாகக் கையசைத்தேன். வண்டி ஊரைத் தாண்டும் மட்டும் சிரிப்பு இருந்தது. அப்புறம் எதிரே பருத்தி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார். என் கால் இரண்டும் தாமாக முன் இருக்கையின் கம்பியில் ஊன்றிக்கொண்டன. அதன்பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் டிரைவரின் கையையே எட்டிப் பார்த்தேன். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இறங்கியபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நடக்காததை வைத்து பயம் போய்விடுமா? அடுத்த நாளிலிருந்து நானும் பதிவு எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கோ பதிமூன்றாம் வாய்ப்பாடே தகராறு.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மழைநாளில் சொன்னார். மில் வாசலில் ஷிப்ட் விட்ட கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ள, எங்கள் வண்டி நகராமல் நின்றது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் 4127 என்று எழுதினார்.

"அவிய மோட்டார் சைக்கிள் நம்பரு. வண்டி வாங்குன புதுசு. விளையாட்டுக்குத்தான் ஒடச்சுப் பாத்தேன், ஒடையலை. 'என்னங்க, உங்க வண்டி யாரோடயும் சேராது போலுக்கே'ன்னு கேலி பண்ணுனேன். அவியளும் சிரிச்சாவ. அந்த மாசம் முடியலை டீச்சர். சுந்தரபாண்டியம் போற பாதையில..."

உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தார். கணவர் இறந்தபோது மகள் இடுப்பில் இருந்த குழந்தையாம்.

"முட்டாத்தனம்னு எனக்கே தெரியும். வகுப்புல பிள்ளைக எழுதுனா நானே சிவப்பு மையில அடிச்சிருவேன். தெரிஞ்சும் பயமா இருக்கே, என்ன செய்ய?"

அதற்கு மேல் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வின் பதிவு எண்கள் வந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பார். உடையாத எண் கிடைத்த பிள்ளைகளை மாலையில் நிறுத்தித் தனி வகுப்பு எடுப்பார். எதற்கென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வருஷம் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "மக்குப் பிள்ளைகளோட இவளை எதுக்கு டீச்சர் உக்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கணக்கு டீச்சர் வெளுத்துப் போன முகத்தோடு, "இவளுக்குத்தான் மேடம் ரொம்ப ஆபத்து" என்றார். அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். நான் குறுக்கே விழுந்து, இலக்கணத்தில் வீக் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த வருஷமும் எல்லோரும் பாஸ். "கவனிச்சதாலதான் தப்பிச்சுது" என்றார் அவர்.

அவர் மகள் பத்தாவது எழுதிய வருஷம் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். பதிவு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். 510511.

"பின்னால மூணு இலக்கம் 511, முன்னால மூணு இலக்கம் 510. கழிங்க, டீச்சர். ஒன்னு வருதா? ஏழு, பதினொன்னு, பதிமூணு, மூணுக்கும் இந்த ஒரே கழித்தல் போதும். கழிச்சு வந்ததுல எம்புட்டு மிஞ்சுதோ அம்புட்டுத்தான் மொத்த எண்ணுக்கும் மிஞ்சும். ஆக அந்த மூணு எண்ணுலயும் மீதி ஒன்னு. ரெண்டுல மீதி ஒன்னு. மூணுல மீதி ஒன்னு. அஞ்சுல ஒன்னு, பதினேழுல ஒன்னு. எதுல போட்டாலும் ஒன்னு நிக்கி. இப்படி ஒரு எண்ணை நான் பாத்ததில்ல."

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தொட்ட இடமெல்லாம் ஒன்று மிஞ்சுகிற எண்ணை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

அடுப்படியிலிருந்து அவர் மகள் எட்டிப் பார்த்தாள். ஒல்லி, இரட்டைச் சடை, கையில் உரித்த வெங்காயம்.

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொன்னு, பதிமூணு, பதினேழு, எல்லாத்தையும் பெருக்கி ஒன்னைக் கூட்டுனா இந்த எண்தானம்மா வரும். பொறவு அந்த ஏழு எண்ணுலயும் ஒன்னு மிஞ்சாம என்ன மிஞ்சும்? அடுத்ததைப் பாரு. பத்தொம்பதுல போகுது."

டீச்சர் காகிதத்தை இழுத்து வகுத்தார். மீதியில்லாமல் போயிற்று. தோள் இறங்கியது. "ஏட்டி, உள்ள இருந்துக்கிட்டே பாத்தியா?" என்று மகளைக் கன்னத்தில் கிள்ளினார். எனக்குப் பால்கோவா கிடைத்தது. அம்மாவைவிட மகள் வேகம் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அம்மாவின் பயத்தையும் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். பயந்த குரலில் அல்ல, முந்திக்கொண்டு விடை சொல்கிற பழக்கமாக. அம்மா பயப்படுவதற்கு முன்னால் உடைத்துக் கொடுத்துவிட வேண்டும் அவளுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கும்போது வயிற்று வலி வந்தது. சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் பள்ளியிலேயே சுருண்டு விழுந்தாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் கட்டி. எப்படிப்பட்ட கட்டி என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போட்டால் முறுக்கிக்கொண்டு உயிருக்கே வினையாகிவிடும், நாளைக் காலை ஆபரேஷன் என்றார் டாக்டர்.

டீச்சர் அழவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு நர்ஸ் வந்து பெண்ணின் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் உள்நோயாளி எண்ணைப் பேனாவால் எழுதினாள். 350377.

டீச்சரின் உதடு அசையத் தொடங்கியது. கட்டிலில் படுத்திருந்த மகளின் உதடும் அசைவதைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆனபோது அவர் சேர்க்கை கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"வேற நம்பர் ஒன்னு போட்டுத் தர முடியுமா தம்பி?"

"இது என்ன ஸ்கூட்டருக்கு நம்பராம்மா, பிடிச்சதாப் பாத்துக் குடுக்க? வேற நம்பர் வேணும்னா டிஸ்சார்ஜ் ஆகிட்டுப் புதுசா வந்து சேருங்க" என்றான் அவன், எரிச்சலாக.

அவன் விளையாட்டாகச் சொன்னது. இவர் வார்டுக்கு வந்து மகளின் துணிகளை வயர்க்கூடையில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஃபிளாஸ்கை மூடினார். செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேருந்துக்கும் தேர்வுக்கும் பயந்தபோது அது ஒரு பழக்கம் என்று விட்டிருந்தேன். இப்போது அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையைக் கட்டிலிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தது. அவர் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? பிள்ளையைக் கொன்னுராதீங்க டீச்சர்."

அப்படி ஒரு சொல்லை அவரிடம் சொல்வேன் என்று நினைக்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஐந்நூத்தித் தொண்ணூத்தொன்னு வரைக்கும் பாத்தாப் போதும். அதை அதாலயே பெருக்குனா கிட்டத்தட்ட இந்த எண்ணு வந்துரும். அதுக்கு மேல ஒன்னு வகுத்துச்சுன்னா, அதோட ஜோடி கீழ இருந்தே ஆகணும். விடியிறதுக்குள்ள பாத்துருவேன். ஒடஞ்சா கையெழுத்துப் போடுதேன்."

"ஒடையலைன்னா?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து, அதன் முதுகில் வகுக்கத் தொடங்கினார். நான் கட்டிலுக்குப் போய்ப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா எது வரைக்கும் பாத்திருக்காக டீச்சர்?" என்று கேட்டாள். "நீ தூங்கு" என்றேன். எனக்கு ஜெபிக்கவும் தெரியாது, வகுக்கவும் தெரியாது. ஆண்டாளிடம் மட்டும், இந்த எண்ணை எப்படியாவது உடைத்துக் கொடுத்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். உலகத்தில் வேறு யாரும் அவளிடம் இப்படி ஒரு வரம் கேட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் நர்ஸ் சம்மதப் படிவத்தோடு வந்தாள். பெண்ணுக்குப் பச்சை அங்கி மாட்டி, தள்ளுகட்டிலில் ஏற்றியிருந்தார்கள். டீச்சர் முகம் கழுவி, தலையைப் படிய வாரி, வராந்தாவிலிருந்து வந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடஞ்சுதாம்மா?"

"ஒடஞ்சிருச்சுட்டி."

"எதுல?"

"பதிமூணுல. நேத்து அவசரத்துல தப்பாப் போட்டு விட்டுட்டேன். நெனச்சா சிரிப்பா வருது."

பெண் கண்ணை மூடினாள். ஊசி போட்ட அசதி என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"ஆமாம்மா, பதிமூணுதான். நானும் விட்டுட்டேன் பாரேன். போட்டுரு கையெழுத்தை."

டீச்சர் போட்டார். எழுத்துக் கொஞ்சமும் கோணவில்லை. தள்ளுகட்டில் கதவுக்குள் போகும்வரை அந்தப் பெண் சிரித்த முகமாகவே இருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சும்மா இருக்க முடியாமல், மருந்துச் சீட்டின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதிப் பதிமூன்றால் வகுத்தேன். சந்தேகப்பட்டு அல்ல. உடைந்ததை என் கையாலும் ஒருமுறை உடைத்துப் பார்த்து நிம்மதியாக உட்காரலாமே என்றுதான். முப்பத்தைந்தில் இரண்டு தடவை, மிச்சம் ஒன்பது. தொண்ணூறில் ஆறு தடவை. இப்படியே இறங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் இருபத்தேழு. இரண்டு பதிமூன்று இருபத்தாறு. ஒன்று நின்றது.

எனக்குத்தான் வகுத்தல் தகராறாயிற்றே என்று மறுபடி போட்டேன். ஒன்று நின்றது. அப்படியானால் இவர் தப்பாக வகுத்திருக்கிறார். தப்பாக வகுத்துவிட்டு, உடைந்தது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது இதைப் பார்த்துவிட்டால்? எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டுவாரா? சீட்டைக் கசக்கிப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்தேன். உள்ளே கத்தி எந்த இடத்தில் இருக்கிறதோ.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எத்தன தடவ போட்டாலும் மீதி ஒன்னுதான் டீச்சர் வரும்."

ஒளித்திருந்த சீட்டை எடுத்து மடியில் பிரித்தேன்.

"ஐந்நூத்தித் தொண்ணூத்தொன்னு வரைக்கும் பாத்துட்டேன். எதுலயும் போகலை. அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு ஒடையலைன்னு எப்படிச் சொல்ல? எவ்வளவு தைரியம் வேணும் ஒரு பிள்ளைக்கு, அந்தக் கதவுக்குள்ள போக? பயம் எனக்கு இருந்துட்டுப் போகட்டும். அவளுக்கு எதுக்கு?"

அவர் கையைத் தொட்டேன். ஐஸ் கட்டி. கணக்கில் ஒரு பொய் சொல்லி நான் அவரைப் பார்த்ததே இல்லை. சொல்கிற ஒரே பொய்யைக்கூட ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சுகிற இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கதவு ஆடும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து அதிர்ந்தோம்.

சிவப்பு விளக்கு அணைந்து, நர்ஸ் வெளியே வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "யாரும்மா மூணு அஞ்சு பூஜ்யம்..." என்று ஆரம்பித்தாள்.

டீச்சர் எழுந்துவிட்டார். "மூணு லட்சத்தி அம்பதாயிரத்தி முந்நூத்தி எழுபத்தேழு" என்றார், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "எம் பொண்ணுதான்."

அவர் வாயால் ஒரு பகா எண்ணை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"பயப்படாதீங்க. சாதாரணக் கட்டிதானாம், எடுத்தாச்சு. டாக்டர் வந்து சொல்வாரு" என்றாள் நர்ஸ். பிறகு குழப்பமாகச் சிரித்தாள். "பிள்ளை அரை மயக்கத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒன்னையே சொல்லுதும்மா. 'மீதி ஒன்னு வருது சிஸ்டர், அம்மாட்ட சொல்லிராதீங்க, அம்மா பயந்துருவாக'ன்னு. உள்ள கொண்டுபோகும்போதும் இதைத்தான் சொல்லுச்சு. என்னதும்மா அது?"

முந்நூற்று எழுபத்தேழிலிருந்து முந்நூற்று ஐம்பதைக் கழித்தால் இருபத்தேழு. பதிமூன்று இரண்டு முறை போக ஒன்று. பத்தொன்பதை அடுப்படியிலிருந்தே பார்த்த பெண்ணுக்கு இதற்குக் கண்ணை மூடித் திறக்கிற நேரம் போதாதா?

டீச்சர் பெஞ்சின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருக்கு டீச்சர்" என்றார். "தெரிஞ்சேதான் சிரிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கா."